எட்டாவது டிரைவர்

பண்டமாரானில் சபாபதியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய இடது முழங்காலைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. கோப்பிக் கடைக்கு வந்ததும் முதலில் அந்தக் காலை நீட்டி வைப்பார். பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை நகர்த்திக்கொள்வார். அதன் பிறகுதான் கோப்பிக்குச் சொல்வார். "முப்பத்தோரு வருசம் கிளட்ச் மிதிச்ச காலு" என்பார், யாரும் கேட்காமலே. கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் லோரி உதவியாளாகக் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து, இருபத்தாறில் பெரிய லோரியின் சாவியைக் கையில் வாங்கியவர். நாற்பதடி கண்டெய்னரை ஒரு பக்கம் பட்டர்வொர்த் வரையிலும் மறுபக்கம் ஜொகூர் வரையிலும் இழுத்துக்கொண்டு போய்வந்தவர். அந்த முழங்கால்தான் அவருக்குச் சான்றிதழ்.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. மேட்டில் ஜாமில் நிற்கும்போது பிரேக்கைத் தொடமாட்டார். கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரை மிதித்து எண்ணெயைப் பாதி கொடுத்து, இருபது டன் சுமையை இருந்த இடத்திலேயே பிடித்து வைப்பார். கூட்டாளிகள் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டியை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். ஒரு தீப்பெட்டிகூட நசுங்கியதில்லை என்று சபாபதி சொல்வார். கிளட்ச் தகடுகளை மாற்றி மாற்றிக் கம்பெனிக்காரன் நசுங்கிப் போனதைச் சொல்லமாட்டார்.

ஐம்பத்தேழு வயதில் முழங்கால் தன் பங்குக்குப் பேச ஆரம்பித்தது. கிளட்சை அழுத்தினால் கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் கனரக வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கம்பெனியில் ஒரு கைக்கடிகாரம் கொடுத்து, தோளில் கைபோட்டுப் படம் பிடித்து அனுப்பினார்கள். கடிகாரம் நன்றாகத்தான் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டு போக வேண்டிய இடம்தான் இல்லை. நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்து, குழாய் சொட்டுவதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரன் கார் நிறுத்துவது வரை எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்தார். அவரை வீட்டில் வைத்துக்கொண்டு காலம் தள்ளியதற்குப் புனிதாவுக்குத்தான் யாராவது கடிகாரம் கொடுத்திருக்க வேண்டும்.

புனிதா அவர் மனைவி. கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம் எல்லாவற்றுக்கும் சமைத்துக் கொடுப்பவள். ஐம்பது பேருக்கு வீட்டு அடுப்பில் ஆக்கிக் கொடுத்து ஆரம்பித்த தொழில், ஒன்பது வருடத்தில் எண்ணூறு இலை வரை வந்திருந்தது. சமையலில் அவளை யாரும் குறை சொன்னதில்லை. சிக்கல் எல்லாம் சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான். வாடகை லோரிக்காரர்கள் ஏழு பேரைப் பார்த்துவிட்டாள். தாமதமாக வந்தவன் ஜாமைச் சொன்னான். குழம்பைக் கொட்டியவன் ரோட்டைச் சொன்னான். வரவே வராதவன் பேட்டரியைச் சொன்னான். ஏழு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலப் பேசினார்கள்.

ஆகவே ஒரு நாள் சொந்தமாகவே வாங்கிவிட்டாள். காப்பாரில் ஒரு பட்டறையில் சொல்லி, இரண்டு பக்கமும் பின்னாலும் கதவு திறக்கும் சமையல் டிரேலர் ஒன்றைச் செய்தாள். ஆறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பாத்திரம் அடுக்கத் தட்டுகள், எல்லாம் ஏற்றினால் இரண்டரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதை இழுக்க ஒரு டீசல் பிக்கப், இரண்டாம் கை, ஆட்டோ கியர். "ஆட்டோதான் மலிவா கெடச்சுச்சு" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். மெனுவல் வண்டி அதைவிட மலிவு என்பது சபாபதிக்குத் தெரியும். தன் காலுக்காகத்தான் அவள் தேடித்தேடி ஆட்டோ வாங்கியிருக்கிறாள் என்பதும் தெரியும். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அவருக்குக் கோபம் வந்தது. மனிதர்கள் அப்படித்தான்.

"இதுல ஓட்ட என்னா இருக்கு? கால வச்சா போவுது. பொம்ம காரு லா" என்றார். கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இடது கால் சும்மா கிடந்தது. வண்டியைச் சரிபார்த்துக் கொடுத்த மெக்கானிக் சுகுமாறன், கிள்ளானில் பேர்பெற்ற கைக்காரர், அரைமணி நேரம் விளக்கினார். "அண்ணே, ஆட்டோ கியருக்கு உள்ள எண்ணெதான் வேல செய்யுது. மேட்டுல எண்ணெ குடுத்துப் பிடிக்காதீங்க. பிரேக்க மிதிச்சு நில்லுங்க. இல்லன்னா உள்ள எண்ணெ கொதிச்சிடும்." சபாபதி தலையை ஆட்டினார். கண்டெய்னர் இழுத்தவனுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறான் பார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டார். ஆட்டிய தலைக்குள் ஒரு சொல்லும் இறங்கவில்லை.

முதல் வாரமே பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நிச்சயதார்த்தம். நாற்பதடியை இழுத்துப் பழகியவர், முனை திரும்பும்போது எதிர்ச்சாரி வரை வண்டியை வீசித் திருப்பினார். டிரேலரோ பன்னிரண்டு அடி. அவ்வளவு வீசத் தேவையே இல்லை. தெரு முழுக்க அடைத்துக்கொண்டு, பூமாலைக் கடையின் குடையையும் சாய்த்துவிட்டார். கடைக்காரி ஒரு கையில் மல்லிகைச் சரத்தோடு வெளியே வந்து, "அங்கிள், ரயிலா ஓட்டுறீங்க?" என்று கேட்டாள். புனிதா இறங்கி மன்னிப்புக் கேட்டு, குடையை நிமிர்த்தி, நான்கு முழம் பூவும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஃபெடரல் ஹைவேயில் ஒரு முறை, வேகம் எண்பதைத் தாண்டியதும் டிரேலர் பின்னால் இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. வேறு யாராவது என்றால் பயந்து பிரேக்கை அழுத்தி, எல்லோரையும் சாலையோரச் சாக்கடையில் இறக்கியிருப்பார்கள். சபாபதி ஸ்டீயரிங்கை அசையாமல் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தார். ஆட்டம் தானாக அடங்கியது. இறங்கிப் போய்ப் பார்த்தால், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் எல்லாம் டிரேலரின் வாலில் கிடந்தன. முதலில் பற்ற வைக்க வேண்டியது பின்கதவோரம் இருக்க வேண்டும் என்று புனிதா சமைக்கும் வரிசையில் அடுக்கியிருந்தாள். சமையலுக்கு அது சரியான வரிசை, சாலைக்கு அது ஆபத்தான வரிசை. மூன்று வாரம் சண்டை போட்டார்கள். கடைசியில் டிரேலரின் முன்பக்கத்திலும் ஒரு கதவை வெட்டி, கனமானவற்றை முன்னால் வைத்து, அங்கிருந்தே இறக்குவது என்று முடிவானது. அந்தக் கதவு வெட்டிய பிறகு ஒரு முறையும் டிரேலர் வாலாட்டவில்லை.

ஆனால் போன மாதம் கிள்ளான் மண்டபம் ஒன்றில், டிரேலரைப் பின்னால் தள்ளி நிறுத்தும்போது சுவரில் இடித்து, ஒரு அண்டா பாயசம் தரையோடு போனது. மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் ஈயாடவில்லை. வீடு திரும்பிய பிறகு புனிதா குரலை உயர்த்தாமல் சொன்னாள். குரலை உயர்த்தாமல் அவள் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"இன்னும் ஒரே ஒரு தடவ. உங்க கையால ஒரு தப்பு நடந்தாலும் சாவிய பிரவின்கிட்ட குடுத்துடுவேன். நீங்க வீட்டுல ஓய்வா இருங்க."

பிரவின் அவள் அண்ணன் மகன். முப்பது வயது. அம்பாங்கில் வாடகைக் கார் ஓட்டுபவன். பிறந்ததிலிருந்து ஆட்டோ கியரைத் தவிர வேறெதையும் தொட்டறியாதவன். சபாபதிக்கு அந்த 'ஓய்வு' என்ற சொல்தான் நெஞ்சில் குத்தியது. மறுபடி அந்த நாற்காலி, அந்தச் சொட்டும் குழாய்.

இப்படி இருக்கும்போதுதான் பங்குனி உத்திரம் வந்தது. அம்பாங்கில் ஒரு மேட்டின் உச்சியில் இருக்கும் முருகன் கோயிலில் அறுநூறு பேருக்கு அன்னதானம். பன்னிரண்டு மணிக்குப் பந்தி. அதற்கு ஒன்பது மணிக்காவது அடுப்புப் பற்ற வேண்டும். காலை ஏழு மணிக்கே பண்டமாரானிலிருந்து கிளம்பினார்கள். சபாபதி, பக்கத்தில் புனிதா, பின் இருக்கையில் செல்வகுமார். செல்வகுமார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பெர்மிட்டில் வந்து இரண்டு வருடமாகப் புனிதாவிடம் சமைப்பவர். வண்டியில் ஏறினால் தூங்கிவிடுவார், அடுப்பைப் பார்த்தால்தான் விழிப்பார்.

ஹைவே முழுக்க வண்டி எண்ணெயில் வழுக்குவது போல ஓடியது. சபாபதிக்கே மனதுக்குள் ஒரு திருப்தி, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. எட்டரைக்கெல்லாம் கோயில் மேட்டின் அடிவாரம் வந்துவிட்டது. அங்கேதான் ஜாம். இரண்டு ஓரத்திலும் கார்கள் நிறுத்தியிருந்தார்கள். மஞ்சள் உடுத்தியவர்கள் பால்குடத்தோடு நடுவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மேலேயிருந்து இறங்கும் கார்களுக்கும் அதே ஒற்றை வழிதான். பத்தடி நகர்வது, மூன்று நிமிடம் நிற்பது என்று போனது வண்டி.

நல்ல செங்குத்து மேடு. பின்னால் இரண்டரை டன். சபாபதியின் உடம்பு தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. முன்னால் கார் நின்றதும் அவர் கால் பிரேக்குக்குப் போகவில்லை. ஆக்சிலேட்டரை இத்தனூண்டு அழுத்தி, வண்டி முன்னேயும் போகாமல் பின்னேயும் சரியாமல் பிடித்து வைத்தார். சக்கரம் ஓர் அங்குலம்கூட அசையவில்லை.

"பாத்தியா? பிரேக்கே தொடல" என்றார் புனிதாவிடம்.

"பிரேக்க எதுக்கு வச்சிருக்கான், தொடறதுக்குத்தானே?"

"அது கத்துக்குட்டிக்கு."

இப்படியே பன்னிரண்டு நிமிடம் மேட்டில் வித்தை காட்டினார். பாதி மேடு ஏறியபோது, மூடிய கண்ணாடிக்குள்ளேயும் ஏதோ கருகும் வாடை வந்தது. பின் இருக்கையில் செல்வகுமார் விழித்துக்கொண்டு, "அடி பிடிக்குதே, யாரு அடுப்ப வச்சது?" என்று கேட்டார். முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது.

"என்னாங்க அது லைட்டு?"

"அது ஒண்ணுமில்ல."

அடுத்த முறை அழுத்தியபோது இஞ்சின் உறுமியதே தவிர வண்டி சரியாக இழுக்கவில்லை. நல்லவேளை, பத்து அடி மேலே ஒரு வளைவு. அங்கே நூர் முகமது என்பவர் தேத்தண்ணி விற்கும் ஒட்டுக்கடையும், அதன் முன்னால் கொஞ்சம் சமதரையும் இருந்தன. கெஞ்சிக் கூத்தாடி வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி டிரேலர் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். இஞ்சினை அணைக்கவில்லை. ஏன் அணைக்கவில்லை என்று யோசித்தபோதுதான் சுகுமாறன் சொன்னது ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது. சூடாகிவிட்டால் அணைக்காதீர்கள், பார்க்கிங்கில் போட்டு ஓட விடுங்கள், எண்ணெய் சுற்றிவந்து ஆறட்டும். தலைக்குள் இறங்காதது எல்லாம் எங்கேயோ ஓர் ஓரத்தில் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

புனிதா இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போனை எடுத்தாள். பிரவினைக் கூப்பிட்டாள். "எங்க இருக்க? கோயில் மேட்டுக்கு வா. வண்டி படுத்துருச்சு. சாமான ஏத்தணும்." வைத்துவிட்டு வண்டியின் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"வித்தவன் நல்ல வண்டின்னு சொல்லி என் தலையில கட்டிட்டான். நாளைக்கே வித்துடறேன் இத. உங்க மேல ஒரு தப்பும் இல்லங்க. நீங்க நல்லாத்தான் ஓட்டினீங்க, நான் பக்கத்துல பாத்துக்கிட்டுத்தானே வந்தேன். வேற வண்டி பாப்போம். நீங்களே ஓட்டுங்க."

கேட்டுக்கொண்டிருந்த நூர் முகமது, தேத்தண்ணியை ஆற்றியபடி தன் பங்குக்குச் சொன்னார். "செகண்ட் ஹேண்ட் ஆட்டோ எல்லாம் இப்படித்தான் பாஸ். எங்க மச்சானுக்கும் இதே கதை."

சபாபதிக்குத் தேத்தண்ணிக் குவளை நீட்டப்பட்டது. வாங்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இவ்வளவு சுலபமாக ஒரு மனிதனுக்கு விடுதலை கிடைக்குமா? வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வண்டி மேல் பழி போய்விட்டது. புது வண்டி வரும், அதன் சாவியும் அவர் கைக்கே வரும். வாயைத் திறந்தால் சாவி பிரவின் கைக்குப் போகும். துறைமுகத்தில் அவர் கூட்டாளிகள் யாரும் வாயைத் திறந்ததில்லை, அவரும் திறந்ததில்லை. இடித்தால் பிரேக், சரிந்தால் டயர், நின்றால் டீசல்.

ஆனால் அந்த வண்டி அங்கே நின்றுகொண்டிருந்தது. ஒரு பெண் ஐம்பது இலை, எண்ணூறு இலை என்று அடுப்பில் வெந்து சேர்த்து, இவருடைய முழங்காலை நினைத்து வாங்கிய வண்டி. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், இவர் காட்டிய வித்தையில் உள்ளே வெந்துகொண்டிருந்தது. அதை விற்றுவிடப் போகிறாள். சபாபதிக்கு வெட்கமாக இருந்தது.

மேட்டு ஜாமில் கார் நுழையாது என்று பிரவின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். "என்னா ஆச்சு அத்த?" என்று கேட்டுக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தான். புனிதா மறுபடி வண்டி விற்றவனைத் திட்ட ஆரம்பித்தாள். சபாபதி எழுந்து வந்தார்.

"புனிதா, வண்டிய ஏசாத. வண்டி மேல குத்தமில்ல."

"பின்ன?"

"நான்தான். மேட்டுல பிரேக்க மிதிக்காம எண்ணெ குடுத்துப் பிடிச்சேன். ஆட்டோல அப்படிச் செய்யக் கூடாதுன்னு சுகுமாறன் அன்னைக்கே சொன்னான். நான் காதுல வாங்கல. கியர் எண்ணெ சூடாயிடுச்சு. ஆறுனா சரியாயிடும். வண்டி நல்ல வண்டி. விக்காத."

பிரவின் தலையைக் குனிந்துகொண்டான். நூர் முகமது தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தினார். புனிதா சபாபதியை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டவில்லை. அவர் திட்டுக்காகக் காத்திருந்தார். அது வராததுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

"எவ்வளவு நேரம் ஆறணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"இருவத்தஞ்சு நிமிசம். அரைமணி வச்சுக்க."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு ஐம்பத்தைந்து. அடுப்புப் பற்ற வேண்டிய நேரம், அடுப்பும் இங்கேதான் நிற்கிறது. இரண்டு நொடி யோசித்தாள். பிறகு டிரேலரின் பக்கக் கதவை மேலே தூக்கி முட்டுக் கொடுத்தாள்.

"செல்வகுமாரு, பெரிய கடாய ஏத்துங்க. அப்பளத்த இங்கயே பொரிச்சிடுவோம். சோறு சாம்பார வச்சா மேல கொண்டுபோறப்ப கொட்டும். அப்பளம் கொட்டினாலும் அள்ளிக்கலாம். பிரவினு, சட்டக் கைய மடிச்சு வுடு."

"நான் வண்டி ஓட்டத்தானே வந்தேன்?"

"வண்டி நின்னுக்கிட்டுத்தானே இருக்கு. அப்பளம் பொரி."

இலைக்கு இரண்டு என்று ஆயிரத்து இருநூறு அப்பளம். மேட்டு வளைவில், நூர் முகமதுவின் கடைக்குப் பக்கத்தில், மூன்று பேர் ஒரு பெரிய கடாயைச் சுற்றி நின்றார்கள். பிரவினுக்கு முதல் இருபது அப்பளமும் கருகின. அதன் பிறகு கை பழகிவிட்டது; இரண்டு கரண்டியால் திருப்பிப் போட்டு எடுக்க ஆரம்பித்தான். ஏறிக்கொண்டிருந்த பக்தர்கள் பால்குடத்தைத் தலையில் வைத்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தார்கள். மேலேயிருந்து இறங்கிய கார் ஒன்று நின்று, "அப்பளம் விக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டது. "மேல வந்து ஒக்காந்து சாப்பிடுங்க, சும்மா குடுக்கிறோம்" என்றாள் புனிதா. நூர் முகமது தன் கடையிலிருந்த பெரிய தகர டின்களைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். அப்பளம் எல்லாம் அவற்றுக்குள் போனது. கேட்காமலே உதவி செய்துவிட்டு, கேட்காமலே நான்கு அப்பளத்தையும் எடுத்துக்கொண்டார்.

சபாபதி கடாய்ப் பக்கம் போகவில்லை. டிரைவர் இருக்கையில் கதவைத் திறந்து வைத்து, அந்த மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினெட்டாவது நிமிடத்தில் அது அணைந்தது. அவர் நம்பவில்லை. இன்னும் ஏழு நிமிடம் விட்டார். முன்னும் பின்னும் ஓரடி நகர்த்திப் பார்த்தார். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. பிறகு இறங்கி வந்தார்.

கடாய் எண்ணெய் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அதை டிரேலரில் ஏற்றி மேட்டில் கொண்டுபோக முடியாது. "இங்கயே இருக்கட்டும் அக்கா, இறங்கறப்ப எடுத்துக்குங்க" என்றார் நூர் முகமது. அதுவும் முடிந்தது. மணி ஒன்பது இருபத்தைந்து. எல்லாச் சாமானும் உள்ளே போயாயிற்று. சக்கரக் கட்டையை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

சபாபதி சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். முதல் சாவி ஓடும் இஞ்சினிலேயே இருந்தது; இது உபரிச் சாவி. சொன்ன சொல் சொன்னதுதான் என்று அவருக்குத் தெரியும். பிரவின் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். மேட்டைப் பார்த்தான், டிரேலரைப் பார்த்தான். ஆனாலும் கையை நீட்டினான்.

புனிதா இடையில் வந்தாள். சாவியை அவளே வாங்கிக்கொண்டாள்.

"ஒம்பது வருசத்துல ஏழு டிரைவர் பாத்துட்டேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "ஒருத்தன் ஜாம்னான். ஒருத்தன் பள்ளம்னான். ஒருத்தன் மாடு குறுக்க வந்துச்சுன்னான், ஷா ஆலாம் ஹைவேல. ஒருத்தனாவது தப்பு என் மேலதான்னு சொன்னதில்ல. இன்னைக்கு ஒரு ஆளு சொல்லிட்டாரு. சொன்னா சாவி போயிடும்னு தெரிஞ்சும் சொல்லிட்டாரு."

சாவியைச் சபாபதியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "தப்பு எதுன்னு தெரிஞ்ச டிரைவர் எனக்குப் போதும். ஏறுங்க. இந்தத் தடவ பிரேக்க மிதிங்க."

பிரவின் பெருமூச்சு விட்டதில் கொஞ்சம் மகிழ்ச்சியும் இருந்தது. "நான் பின்னாலயே வரேன் மாமா" என்று மோட்டாரை எடுத்தான். சபாபதி கண் கலங்கியதை மறைக்க, வண்டியின் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கண்ணாடி ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

மீதி மேட்டை எப்படி ஏற்றினார் என்பதைக் கோப்பிக் கடையில் சொன்னால் யாரும் கைதட்டமாட்டார்கள். கியரை மேலே தாவ விடாமல் கீழ்க் கியரிலேயே நிறுத்திக்கொண்டார். முன்னால் கார் நின்றால் பிரேக்கை மிதித்தார். கார் நகர்ந்தால் பிரேக்கை விட்டு எண்ணெய் கொடுத்தார். முன்காருக்கு நல்ல இடைவெளி விட்டு, சின்னச் சின்னதாக நகராமல் மொத்தமாக நகர்ந்தார். வலது கால் ஒன்றே இரண்டு வேலையும் பார்த்தது. இடது கால் சும்மா இருந்தது; வலிக்கவும் இல்லை. கத்துக்குட்டி ஓட்டுவது போலத்தான் ஓட்டினார். ஆனால் பின்னால் இருந்த அறுநூறு பேர் சாப்பாட்டுச் சாமானில் ஒரு மூட்டைகூடச் சரியவில்லை. மஞ்சள் விளக்கு எட்டிப் பார்க்கவில்லை. கோயில் வாசலுக்கு வந்து, டிரேலரைப் பின்னால் தள்ளிப் பந்தல் ஓரமாக நிறுத்தும்போது மட்டும் வண்டியிலிருந்து இறங்கி, இரண்டு முறை நடந்து போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். முன்பெல்லாம் இறங்கிப் பார்ப்பதை அவமானமாக நினைத்தவர் அவர்.

பந்தி பன்னிரண்டே காலுக்குத்தான் ஆரம்பித்தது. கோயில் தலைவர் முகத்தைச் சுளித்தார். சாம்பாரை வாயில் வைத்ததும் சுளிப்பு போய்விட்டது. அப்பளம்தான் முதலில் தீர்ந்தது. யார் பொரித்தது என்று யாரோ கேட்டதற்குப் பிரவின் மூன்று முறை கையைத் தூக்கினான். புனிதா அங்கேயே அடுத்த இரண்டு கல்யாணங்களுக்கு அவனை அப்பளத்துக்குப் பேசி வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு இறங்கினார்கள். நூர் முகமதுவுக்கு இலையில் கட்டிய சாப்பாட்டையும் ஒரு தூக்கில் பாயசத்தையும் கொடுத்து, ஆறிய கடாயை எடுத்துக்கொண்டார்கள். மேடு இறங்குவது ஏறுவதைவிடப் பொல்லாதது. பின்னால் இருக்கும் சுமை முதுகில் கைவைத்துத் தள்ளும். சபாபதி கீழ்க் கியரில் போட்டு, இஞ்சினே பிடித்துக்கொள்ளும்படி விட்டு, இடையிடையே மட்டும் பிரேக்கைத் தொட்டு நிதானமாக இறக்கினார். அடிவாரம் வந்து, ஊர் தாண்டி, ஹைவேயில் ஏறினார். புனிதா ரொம்ப நேரமாகப் பேசவில்லை. இன்னும் கோபம் மிச்சம் இருக்கிறதோ என்று அவருக்குள் ஒரு கலக்கம்.

"புனிதா, அடுத்த வாரம் சுகுமாறன்கிட்ட கொண்டுபோயி அந்தக் கியர் எண்ணெய மாத்திடலாம். இவ்வளவு சூடான எண்ணெய விட்டு வைக்கக் கூடாது."

திரும்பிப் பார்த்தார். இருக்கையில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, புனிதா தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஒரு நிமிடம்கூடக் கண்ணை மூடியதில்லை. அவர் ஓட்டும்போதெல்லாம் அவளும் சேர்ந்துதான் ஓட்டிக்கொண்டு வருவாள். காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே வருவாள். இப்போது இரண்டு காலையும் செருப்பிலிருந்து விடுவித்து, மடக்கி மேலே வைத்துக்கொண்டிருந்தாள்.

சபாபதி வானொலியைக் குறைத்தார். இடது தடத்துக்கு ஒதுங்கி, எழுபதுக்கு மேல் போகாமல் வண்டியை விட்டார். பின்னால் ஒரு லோரிக்காரன் பொறுமை இழந்து விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தான். போடா என்று விட்டுவிட்டார். பண்டமாரான் திருப்பம் வந்தபோதும் திரும்பவில்லை. துறைமுகச் சாலை வழியாக இன்னொரு பதினைந்து நிமிடம் சுற்றிக்கொண்டு வந்தார், அவள் தூங்கட்டும் என்று.